பள்ளி மைதானத்தில் ஒரு நாள் அரசாங்கம்: ஏற்காட்டு மலையில் நடந்த பல துறை முகாம் பற்றி

சென்ற மழைக்காலம் முடிந்த கையோடு, ஏற்காட்டு மலையில் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்ப் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, பல துறையினர் ஒன்றாக உட்கார்ந்து மனு வாங்கும் முகாம் ஒன்று நடந்தது. பெரியம்மாவையும், பிறவியிலேயே கால்கள் வலுக் குன்றிய அவருடைய மகனையும் அழைத்துக்கொண்டு நான் போயிருந்தேன். எங்களுக்கு நான்கு வேலைகள் இருந்தன: பெரியம்மாவுக்கு மருத்துவக் காப்பீட்டு அட்டை, அண்ணனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, என் மகளுக்குச் சாதிச் சான்றிதழ், பெரியப்பா காலத்திலிருந்து உழுதுவரும் காட்டு நிலத்துக்கு உரிமை. இவற்றில் ஒன்று அன்றைக்கே முடிந்தது, ஒன்று பிறகு வந்து சேர்ந்தது, இரண்டு இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன. மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்று போடுவேன்.

மலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு சொல். 9 ஊராட்சிகளில் 67 மலைக் கிராமங்கள் சிதறிக் கிடக்கும் ஏற்காட்டில், ஒரு கையெழுத்துக்குச் சேலம் போவதென்றால், முதலில் ஊரிலிருந்து ஏற்காட்டு டவுனில் இருக்கும் ஒண்டிக்கடை ரவுண்டானா வரை வந்து, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, அதிகாரி இல்லையென்றால் மறுநாளும் அதே வழியில் போய்வர வேண்டும். காப்பித் தோட்டக் கூலியில் இரண்டு நாள் போய்விடும். ஆகவே அலுவலகம் ஒரு நாளாவது மலையேறி வருகிறது என்பதே எங்களுக்குப் பெரிய விஷயம். முகாமுக்குக் கொடுத்த மூன்று மதிப்பெண்ணில் ஒன்று அதற்காகவே கொடுத்தது.

காப்பீட்டு அட்டை வேலையைத்தான் மனமாரப் பாராட்ட வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று தர வேண்டும். குடும்ப அட்டையும் ஆதாரும் வேண்டும். வழக்கமாக இதற்கு மூன்று இடம் அலைய நேரும். அன்று வி.ஏ.ஓ. மேசைக்கும் காப்பீட்டு மேசைக்கும் இடையே ஒரு பெஞ்சுதான் இருந்தது. பெரியம்மாவின் ஆதாரில் ஒரு முதலெழுத்தும் குடும்ப அட்டையில் வேறொரு முதலெழுத்தும் இருந்ததைக் காப்பீட்டு மேசைப் பெண் கண்டுபிடித்தார். திருப்பி அனுப்புவார் என்று நினைத்தேன். அவரோ காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தானே எழுந்து வி.ஏ.ஓ.விடம் போய், "சார், ரெண்டும் ஒரே ஆளுதானே?" என்று கேட்டு, இருவரும் ஒருவரே என்று ஒரு வரி எழுதி வாங்கிவந்தார்.

அடுத்தது கைரேகை. ஆண்டுக்கணக்கில் காப்பிப் பழம் பறித்து, மிளகு உருவி, பாத்திரம் தேய்த்த விரல்கள். இயந்திரம் ஏற்க மறுத்தது. அந்தப் பெண் ஈரத் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து வைத்துப் பார்த்தார். வலது கையில் ஒன்றும் பதியவில்லை. இடது கை மோதிர விரலில் பச்சை விளக்கு எரிந்தபோது, "இந்த வெரலு மட்டும் வேலைக்குப் போகலை போலிருக்கு கண்ணு" என்றார் பெரியம்மா. வரிசையே சிரித்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவும் அட்டைக்கான பதிவு, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

அண்ணன் விஷயத்தில் முகாமின் அமைப்பே எங்களை வருத்தியது. மாற்றுத்திறனாளிகளுக்கான மேசையைப் பள்ளிக் கட்டடத்தின் மேல் திண்ணையில், ஏழு படிகளுக்கு மேலே போட்டிருந்தார்கள், சாய்தளம் இல்லை. மைதானத்தில் இடம் இல்லாமலா? விழா மேடைக்கும் அதன் நாற்காலிகளுக்கும் தாராளமாக இடம் இருந்ததே. எலும்பு மருத்துவர் நிலைமையைப் பார்த்துத் தானே படியிறங்கி வந்து, அண்ணன் உட்கார்ந்திருந்த ஆட்டோவிலேயே பரிசோதித்தார். நல்ல மனிதர். ஆனால் அண்ணனுக்குக் கால்களோடு அறிவுத்திறன் குறைபாடும் உண்டு. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகையாக இருந்த ஊனங்கள் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகையாக விரிந்து, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் சேர்ந்திருப்பதும் அதில் ஒரு வகையாகிவிட்டது. அப்படிப்பட்டவருக்கு இரண்டு துறை மருத்துவர்களின் கருத்தும் வேண்டும்; மனநல மருத்துவர் அன்று வரவில்லை. மலைக்குக் கீழே போய்ப் பார்க்கச் சொன்னார்கள். யாரை நடமாட முடியாதவர் என்று கருதி மலைக்கு வந்தார்களோ, அவரையே இறங்கி வரச் சொன்னதுதான் நான் குறைத்த முதல் மதிப்பெண்.

சாதிச் சான்றிதழில் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் அதன் வழியே அப்படி. மற்றப் பிரிவினருக்கு வட்டாட்சியர் அளவிலேயே முடிந்துவிடும் சான்று, பழங்குடியினருக்கு 1989 முதல் கோட்டாட்சியரிடமிருந்துதான் வர வேண்டும். இணையத்தில் பதியும் இளைஞர், எங்கள் பழங்குடியின் பெயர் மலையாளி என்றதும் நிமிர்ந்து, "கேரளாவா அண்ணா?" என்றார். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் இது என்று எத்தனையாவது தடவையாகச் சொன்னேன் என்று நினைவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: பழங்குடியினர் பட்டியலில் எங்கள் பெயர் மாவட்டத்தோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. சேலம் அதில் இருக்கிறது, ஈரோடு இல்லை. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலிருந்து இங்கே பெண் எடுத்தவர்கள் வீட்டில், மாமனார் பழங்குடியினர், மருமகளின் அப்பா அப்படி இல்லை. மேசையில் இருந்த வருவாய் ஆய்வாளர் இதையெல்லாம் அறிந்தவராக இருந்தார். என் தந்தையின் பழைய சான்றையும் மகளின் பள்ளிச் சான்றையும் ஒப்பிட்டு, விசாரணைக் குறிப்பை அங்கேயே எழுதினார். மூன்று வாரத்தில் சான்று வந்தது.

நில விவகாரம்தான் என்னை மிகவும் களைக்க வைத்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் உழுதுவரும் பழங்குடிக் குடும்பம், தன் அனுபவத்தில் உள்ள பரப்புக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். கோரிக்கை கிராம சபையில் தொடங்கி, கோட்ட அளவிலான குழுவுக்கும் மாவட்டக் குழுவுக்கும் போகும். அந்தக் குழுக்களில் வருவாய், வனம், பழங்குடியினர் நலம் ஆகிய துறையினரும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் சேர்ந்தே உட்கார வேண்டும் என்பது விதி. சட்டமே சேர்ந்து உட்காரச் சொன்ன இந்த விஷயத்தில், முகாமில் இரண்டு மேசைகள் ஆறடி இடைவெளியில் இருந்துகொண்டு எங்களைப் பந்தாடின. எந்தத் துறைகள் என்று எழுதப்போவதில்லை. முதல் மேசை, "அது அவங்க எல்லை" என்றது. இரண்டாம் மேசை, "அளந்து குடுக்க வேண்டியது அவங்க" என்றது. மூன்றாம் முறை போனபோது, முதல் மேசைக்காரர் தலை நிமிராமலே அடுத்த மேசையைக் கைகாட்டினார். காப்பீட்டு மேசைப் பெண் ஒரு பெஞ்சு தூரம் எழுந்து நடந்தாரே, அந்த நடை இங்கே யாருக்கும் வரவில்லை. இரண்டாவது மதிப்பெண் இதில் போயிற்று.

கடைசியில் வழி காட்டியவர் அரசு ஊழியர் இல்லை. நுழைவாயிலில் மனு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்த மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்மணி, "அண்ணா, இதை இங்க குடுத்தா நம்பர்தான் கெடைக்கும். ஊர்ல கிராம சபை தீர்மானம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் சபையில் எங்கள் ஊர் இதை ஒருமுறைகூடப் பேசவில்லை. அந்தத் தவறு எங்களுடையது. இருந்தாலும் மனுவை அவரே எழுதி, இரண்டு துறைகளின் பெயரையும் பெறுநராகப் போட்டு, பதிவுச் சீட்டு வாங்கிக்கொடுத்தார்.

போக நினைப்பவர்கள் காலை ஒன்பதரைக்கே போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் இணைய இணைப்பு தவழ ஆரம்பித்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்துச் செல்லுங்கள், அங்கே ஜெராக்ஸ் கிடையாது. தேநீர் கொடுத்தார்கள், மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவது நல்லது. திரும்புவதற்கு மினி பஸ் நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நில மனுவுக்குக் கைபேசியில் பதில் வந்தது: தங்கள் மனு உரிய துறையின் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது. இரண்டில் எந்தத் துறைக்கு என்று அதில் இல்லை.