டைமர்: நாம் கேட்பதா, அது கூப்பிடுவதா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் போர்டு வாங்கி, அல்சூர் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு கன்ட்ரோலர் செய்யும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, டைமர் இன்டர்ஃபேஸை, அதாவது மற்ற கோடு டைமரைப் பயன்படுத்தும் விதத்தை, எப்படி அமைக்கட்டும்?"

ஒரு வழி, புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் மெயின் லூப்பில் நாமே "நேரம் முடிந்ததா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. போர்டு ஓடத் தொடங்கி எத்தனை மில்லிவிநாடி ஆனது என்று சொல்லும் ஆர்டுயினோவின் மில்லிஸ் (millis) ஃபங்ஷன் இதற்குத்தான் உதவுகிறது. அது தருவது 32 பிட் எண், 49.7 நாளில் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். பலரும் வழுக்குவது இங்கேதான். "தொடக்கம் + 20 நிமிடம்" என்று கூட்டி ஒப்பிட்டால், பூஜ்யம் நெருங்கும் வேளையில் கூட்டல் சிறிய எண்ணாகிவிடும், மோட்டார் போட்டவுடனே நின்றுவிடும். "இப்போது − தொடக்கம்" என்று குறியில்லா (unsigned) எண்ணில் கழித்தால் இந்தப் பிழையே வராது. அந்தக் கழித்தலை டைமருக்குள்ளேயே வைத்துப் பூட்டுங்கள், பயன்படுத்துபவர் கையில் விடாதீர்கள். நேரம் சொல்லும் கடிகாரத்தையும் டைமருக்கு வெளியிலிருந்து கொடுங்கள்; சோதனையில் அதன் இடத்தில் நாம் விரும்பிய நேரம் காட்டும் போலிக் கடிகாரத்தை வைக்கலாம். 50 நாள் காத்திருக்காமல் கணினியிலேயே சோதித்துவிடலாம்.

மற்றது கால்பேக்: நேரம் வந்ததும் டைமரே நம் ஃபங்ஷனைக் கூப்பிடும். எழுதச் சுகம். ஆனால் ஃப்ரீஆர்டிஓஎஸ் (FreeRTOS) என்ற சிறு சிப்புகளுக்கான இயங்குதளத்தில் டைமர்களின் எல்லா கால்பேக்கும் ஒரே டைமர் டாஸ்க்கில்தான் ஓடும்; ஒன்று தாமதித்தால் மற்றவையும் காத்திருக்கும்.

மோட்டாருக்கு முதல் வழியே போதும் என்றேன். பேட்டரியில் ஓடும் சென்சார் என்றால் என் பதில் மாறும்: அடுத்த கெடு தெரிந்த டைமர் இருந்தால், அதுவரை சிப்பை நிம்மதியாகத் தூங்கவிடலாம்.