ஸ்ரீசிட்டி பில்லில் பிடித்த ஒரு சதவீதம்: வருமான வரி போர்டல் அதை எப்படித் திருப்பித் தருகிறது

ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து தடா தாண்டி ஆந்திராவின் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குப் பெயின்டிங், பேப்ரிகேஷன், ஆள் சப்ளை எடுக்கும் சின்ன கான்ட்ராக்டர்களுக்கு ஒவ்வொரு பில்லிலும் டி.டி.எஸ். (பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிபடுகிறது. வேலை ஆந்திராவில் நடப்பதால் அந்தப் பணமும் ஆந்திராவில் மாட்டிக்கொள்ளும் என்றொரு பயம் இங்கே பரவலாக இருக்கிறது. அது தேவையில்லை. வருமான வரிக்கு மாநில எல்லை கிடையாது. யார் எங்கே பிடித்தாலும் உங்கள் பான் எண்ணில்தான் வரவாகும், ரீஃபண்டும் பெங்களூருவில் இருக்கும் மத்தியச் செயலாக்க மையத்திலிருந்து நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதை வாங்கித் தரும் போர்டல் எப்படி வேலை செய்கிறது, எங்கே சொதப்புகிறது என்பதே இந்த விமர்சனம். இதிலுள்ள கணக்குகளும் பிரிவு எண்களும் 2025-26 நிதியாண்டுக்கானவை.

கான்ட்ராக்ட் வேலைக்கான 194சி பிரிவுப்படி தனி நபருக்கு 1 சதவீதம், பார்ட்னர்ஷிப்புக்கும் கம்பெனிக்கும் 2 சதவீதம். ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஒரே கம்பெனியிடம் வருட மொத்தம் 1,00,000 தாண்டினாலோ பிடிப்பார்கள். உங்கள் பானில் நாலாவது எழுத்தைப் பாருங்கள். 'பி' என்றால் 1, 'எஃப்' என்றால் 2. பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும்.

ஒரு கணக்கு போடலாம். வருடத்துக்கு 24,00,000 ரூபாய் வேலை, எல்லாம் வங்கி வழியாக வந்தது, பிடித்த டி.டி.எஸ். 24,000. ஐ.டி.ஆர்.-4 என்ற ரிட்டர்ன் படிவத்தில், சின்னத் தொழிலுக்கு உத்தேச லாபம் காட்டும் 44ஏடி பிரிவில், வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம் லாபம் காட்டினால் போதும் (ரொக்கத்துக்கு 8). அதாவது 1,44,000. லாபம் உண்மையில் அதைவிட அதிகம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். புதிய வரி முறையில் வருமானம் 12 லட்சம் வரை 87ஏ பிரிவின் வரித் தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம், 24,000 முழுசாகத் திரும்பி வரும். உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால் ஏப்ரல் 1 முதல் மாதம் அரை சதவீதம் வட்டியும் உண்டு. ஆகஸ்டில் பணம் வந்தால் 600 ரூபாய். அந்த வட்டியை அடுத்த வருடக் கணக்கில் வருமானமாகக் காட்ட மறக்கக் கூடாது. பார்ட்னர்ஷிப்பாக நடத்துபவர்களுக்கு இந்தத் தள்ளுபடி இல்லை. லாபத்துக்கு நேராக 30 சதவீதம் வரி, அதற்கு மேல் செஸ்.

போர்டலில் மனதாரப் பாராட்ட வேண்டியது 26ஏஎஸ் என்ற டி.டி.எஸ். வரவுப் பக்கம். லாகின் செய்து இ-ஃபைல் பகுதியில் அதைத் திறந்தால், எந்தக் கம்பெனி, எந்தத் தேதி, எவ்வளவு என்று வரி வரியாக இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு எழுத்து நிலையைச் சொல்லும். 'எஃப்' என்றால் பணம் அரசுக்குச் சேர்ந்து கணக்கும் ஒத்துப்போய்விட்டது. 'யு' என்றால் கம்பெனி கட்டிய சலானும் அவர்கள் கொடுத்த கணக்கும் ஒத்துப்போகவில்லை. 'யு' நிற்கும்போது தாக்கல் செய்தால் அந்தத் தொகைக்கு கிரெடிட் கிடைக்காது. கம்பெனியின் கடைசிக் காலாண்டுக் கணக்குக்குக் கெடு மே 31. அதனால் ஜூன் பாதிக்கு மேல் தாக்கல் செய்வதே சரி. ஏப்ரலிலேயே அவசரப்பட்டால் பாதித் தொகைதான் தெரியும்.

பெரிய சொதப்பல் ஜி.எஸ்.டி.யில் ஆரம்பிக்கிறது. தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. எண்ணில் ஆந்திர வேலைக்கு 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் தாண்டிய வேலைக்கான ஜி.எஸ்.டி.) போட்டு பில் கொடுக்கிறீர்கள். பில்லில் வரியைத் தனியாகக் காட்டியிருந்தால் 24 லட்சத்துக்கு மட்டும்தான் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். சில அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்களில் மொத்தம் 28,32,000-க்கும் சேர்த்துப் பிடித்துவிடுகிறார்கள். இதில் பணம் நஷ்டமில்லை, அதுவும் திரும்பி வரும். ஆனால் 26ஏஎஸ்-ல் 28.32 லட்சம், நீங்கள் காட்டும் டர்ன்ஓவர் 24 லட்சம் என்று வித்தியாசம் விழுந்து, 139(9) பிரிவில் குறைபாட்டு நோட்டீஸ் வரக்கூடும். பதில் தர 15 நாள். 'ஏற்கவில்லை' என்று தேர்ந்தெடுத்து, வித்தியாசம் ஜி.எஸ்.டி. தொகை என்று எழுதினால் போதும். பயந்துபோய் டர்ன்ஓவரை ஏற்றிக் காட்டினால் ஜி.எஸ்.டி. ரிட்டர்னோடு முரண்பட்டு அது வேறு தலைவலி.

மார்ச் பில்லும் இப்படித்தான். கம்பெனி மார்ச்சிலேயே பிடித்திருக்கும், நீங்கள் அந்த வருமானத்தை அடுத்த வருடம் காட்டுவீர்கள். டி.டி.எஸ். அட்டவணையில் அதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்ல ஒரு கட்டம் இருக்கிறது, அதில் போட வேண்டும். பான் எண் தப்பாகி வேறு ஒருவர் கணக்கில் விழுந்திருந்தால் போர்டலில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. கம்பெனிதான் திருத்தக் கணக்கு கொடுக்க வேண்டும். இந்தச் சேவையின் உண்மையான பலவீனம் இதுதான்: தப்பு ஒருவருடையது, அலைச்சல் இன்னொருவருக்கு. அதனால் பேச்சோடு நிறுத்தாமல் பில் எண், தேதி, தொகையுடன் மெயில் போடுங்கள்.

பணம் வந்து சேராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணங்கள்தான். ப்ரொஃபைலில் வங்கிக் கணக்கை வேலிடேட் செய்து, ரீஃபண்டுக்கு என்று குறித்திருக்க வேண்டும். வங்கி இணைப்புக்குப் பிறகு பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண் இருந்தாலோ, பானில் இனிஷியல் ஒரு மாதிரி பாஸ்புக்கில் வேறு மாதிரி இருந்தாலோ திரும்பிவிடும். சரிசெய்துவிட்டு 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கோரிக்கை வையுங்கள். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மாதிரியான ஒரு வழியில் ரிட்டர்னைச் சரிபார்க்க வேண்டும். சூளூர்பேட்டையில் ஒரு சிம், ஊரில் ஒரு சிம் என்று மாற்றுபவர்கள் ஆதாரில் இருக்கும் நம்பரை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசும் ஆளிடம் போகாதீர்கள். சிலர் ப்ரொஃபைலில் தங்கள் மொபைல் நம்பரையும் மெயிலையும் போட்டுவிடுகிறார்கள். நோட்டீஸ் எல்லாம் அவர்களுக்குப் போகும், பதில் தராத குற்றம் உங்கள் மேல் விழும்.

தேதி தவறினால் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம், ரீஃபண்ட் உண்டு, வட்டி மட்டும் தாக்கல் செய்த நாளிலிருந்துதான். அதற்கும் பிறகு வரும் அப்டேட்டட் ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்க முடியாது. பழைய ஆண்டுகளுக்கு 119(2)(பி) பிரிவில் தாமத மன்னிப்பு கேட்டு மனு போடலாம், மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 5 வருடம் வரை. வருடா வருடம் பெரிய தொகை முடங்குகிறவர்கள், டி.டி.எஸ்.ஸைக் குறைவாகவே பிடிக்க அனுமதிக்கும் சான்றிதழுக்கு நிதியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்து, முதல் பில்லுக்கு முன்பே கம்பெனி கையில் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே பிடித்த தொகைக்கு அது செல்லாது.