ஹன்டரா, லைட்னிங்கா? முதல் பிரிட்டிஷ் ஜெட் மாடலுக்கு எது சரி?

பிரிட்டிஷ் ஜெட் ஒன்றைப் பிளாஸ்டிக் மாடலாகக் கட்டிப் பார்க்க ஆசை, எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: மாடல் கட்டுவதில் உங்களுக்குப் பிடிக்காத வேலை எது? சிலருக்கு இணைப்புக்கோட்டைத் தேய்த்து மறைப்பது எரிச்சல். சிலருக்கு மாஸ்கிங் டேப் (வண்ணம் படக் கூடாத இடத்தை மறைக்க ஒட்டும் நாடா) என்றாலே ஆகாது. சிலருக்கு வீட்டில் இடம் கிடையாது. 1950களில் பிரிட்டனில் பறக்கத் தொடங்கிய ஜெட்கள் ஒன்றின் சாயலில் இன்னொன்று இருக்காது. ஒவ்வொன்றின் உருவமும் வேலையை வேறு வேறு இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. அதனால் பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பார்த்து மயங்காமல், அந்த விமானத்தின் உடம்பில் கஷ்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

பெரும்பாலும் போட்டிக்கு வருபவை நான்கு: ஹாக்கர் ஹன்டர், இங்கிலீஷ் எலெக்ட்ரிக் லைட்னிங், ஃபாலண்ட் நாட், ஆவ்ரோ வல்கன்.

ஹன்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிட்னி காம் வடிவமைத்த இது 1951 ஜூலையில் முதன்முதலாகப் பறந்தது. 1953 செப்டம்பரில் நெவில் டியூக் சிவப்பு வண்ணம் பூசிய ஒரு ஹன்டரில் மணிக்கு 1,171 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து உலகச் சாதனை படைத்தார். பார்க்க இவ்வளவு ஒழுங்கான ஜெட் வேறு இல்லை என்பது என் எண்ணம். மூக்கிலிருந்து வால்வரை ஒரே ஓட்டமாகப் போகும் கோடு. ஆனால் அந்த ஓட்டம்தான் மாடல் கட்டுபவரைச் சோதிக்கும். முதுகு நெடுக ஓடும் இணைப்புக்கோட்டில் மயிரிழை மிச்சம் இருந்தாலும் கண்ணில் படும். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில்தான் முக்கோண வடிவில் காற்று உள்ளே போகும் வாய் இருக்கிறது. அதன் உட்புறத்துக்கு உப்புத்தாள் எளிதில் எட்டாது. ஒரு தீக்குச்சி முனையில் உப்புத்தாளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, இறக்கையை ஒட்டும் முன்பே அதை முடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு நினைத்தால் பயனில்லை.

அதைத் தாண்டிவிட்டால் ஹன்டரைப் போல் தாராளமான மாடல் கிடையாது. காக்பிட்டுக்குக் கீழே நான்கு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் கொண்ட தொகுப்பு. அதன் இருபுறமும் புடைத்து நிற்கும் இரண்டு கிண்ணங்கள், சுட்டு முடித்த தோட்டாப் பட்டையின் கண்ணிகளைச் சேர்த்து வைப்பவை. பிரிட்டிஷ் வீரர்கள் அந்தக் காலத்து நடிகை ஒருவரின் பெயரைச் சொல்லி அவற்றைச் 'சப்ரினா' என்றே அழைத்தார்கள். அடர்பச்சையும் அடர்கடல் சாம்பலும் கலந்த மேல்பூச்சு சின்னச் சின்னத் தவறுகளை மன்னித்துவிடும். ஹம்ப்ரால் வண்ணத்தில் 163, 164 எண் டப்பாக்கள் இரண்டும் இருந்தால் மேல்பக்கம் முடிந்தது. இன்னொரு விஷயம், பலர் தவறவிடுவது: உடம்பின் பின்பகுதிக்கு அடியில் உள்ள ஏர்பிரேக், அதாவது வேகத்தைக் குறைக்கத் திறக்கும் தட்டு, சக்கரம் இறங்கியிருக்கும்போது திறக்காது. ஆகவே சக்கரத்தில் நிற்கும் ஹன்டருக்கு அதை மூடியே ஒட்டுங்கள்.

அளவிலும் ஹன்டருக்குத்தான் வசதி. 1/72-ல், அதாவது நிஜ விமானத்தின் 72-ல் ஒரு பங்கு அளவில், ரெவெல் நிறுவனம் தரும் மாடல் சுமார் 19 சென்டிமீட்டர் நீளம். 1/48-ல் ஏர்ஃபிக்ஸ், அகாடமி ஆகிய இரு நிறுவனங்களின் பெட்டிகளும் உண்டு, கிட்டத்தட்ட 29 சென்டிமீட்டர். இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் ரெவெல்லின் 1/32. 1/48-ல் என் ஓட்டு ஏர்ஃபிக்ஸ் புது அச்சில் வார்த்த பெட்டிக்கு.

லைட்னிங் கதை வேறு. இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் ஏவான் எஞ்சின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய விமானம் இது. 60 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, மூக்கின் நடுவில் ரேடாரை மூடிய கூம்பு, கத்தி போல மெலிந்த டயர். 1958 நவம்பரில் ஒலியின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கைத் தொட்டது. 1960-ல் படையில் சேர்ந்து 1988 வரை பறந்தது. அலமாரியில் வைத்தால் வீட்டுக்கு வருகிறவர் முதலில் கையை நீட்டுவது இதை நோக்கித்தான்.

கட்டுவது பெரிய கஷ்டம் இல்லை. உடம்பு பெட்டி மாதிரி நேராக இருக்கும், இணைப்புகளுக்கு எளிதாகக் கை எட்டும். கஷ்டம் எல்லாம் வெள்ளி நிறத்தில். பல லைட்னிங்குகள் வண்ணமே இல்லாமல் வெறும் உலோகத் தோலோடு பறந்தவை. நான் முதலில் கட்டிய லைட்னிங்குக்கு 400 எண் உப்புத்தாளில் தேய்த்துவிட்டு நேராக ஸ்ப்ரே டப்பா வெள்ளியை அடித்தேன். காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், முதுகில் நான் தேய்த்த ஒவ்வொரு கீறலும் ரயில் தண்டவாளம் போலத் தெரிந்தது. வெள்ளி நிறம் எதையும் மறைக்காது, இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும். அதற்குச் செய்ய வேண்டியது, எண் கூடக் கூட மென்மையாகும் உப்புத்தாளில் 2000 எண் வரை ஏறி ஏறித் தேய்த்து மெருகேற்றி, பளபளக்கும் கறுப்பை அடித்தளமாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் மெல்லிய உலோகப் பூச்சை அடுக்கடுக்காக அடிப்பது. காற்றழுத்தத்தில் வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷ் இல்லாமல் இது சரியாக வராது. மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள், ஈரக்காற்றில் லேக்கர் பூச்சு பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஜெர்மனியின் குட்டர்ஸ்லோவில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் 19, 92 ஸ்குவாட்ரன்களின் எஃப்.2ஏ ரக லைட்னிங்குகள் பிற்காலத்தில் மேல்பக்கம் முழுக்க அடர்பச்சை பூசிக்கொண்டன. உலோகம் அடிப்பக்கத்தில் மட்டும். 1/72-ல் ஏர்ஃபிக்ஸ் எஃப்.2ஏ ரகத்தைத் தனியாகவே தருகிறது. கண்ணில் படும் பாதிப் பரப்பில் வெள்ளித் தொல்லை தீர்ந்துவிடும், உருவத்தின் கம்பீரத்தில் எதுவும் குறையாது. அந்தப் பெட்டியில் பேனல் கோடுகள், அதாவது உலோகத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள், சற்று ஆழம், அகலம். பிரைமரை (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) இரண்டு முறை மெல்லிசாக அடித்தால் கொஞ்சம் அடங்கும்.

இந்த லைட்னிங்கைத் தொடங்கிவைத்த டெடி பெட்டர்தான் பிறகு ஃபாலண்ட் நிறுவனத்துக்குப் போய் நாட் விமானத்தை வடிவமைத்தார் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். கான்பெரா குண்டுவீச்சு விமானமும் அவர் கைதான். போர் விமானங்கள் பெருத்துக்கொண்டே போகின்றன, சின்னதாக, மலிவாக ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்ததன் விளைவு நாட். 1/72-ல் இரண்டு இருக்கைப் பயிற்சி நாட் விமானத்தின் இறக்கை அகலம் பத்து சென்டிமீட்டர்தான், உள்ளங்கையில் உட்காரும். பாகங்கள் குறைவு, விலை குறைவு, ஒரு வாரக் கடைசியில் உடம்பு முழுவதும் ஒட்டி முடித்துவிடலாம். பிரிட்டிஷ் விமானப்படையின் வான்சாகசக் குழுவான ரெட் ஆரோஸ் 1965 முதல் 1979 வரை பறந்தது இதில்தான், அதனால் பெரும்பாலோர் சிவப்பில் கட்டவே வாங்குவார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். சாம்பல் பிரைமர் மேல் சிவப்பு அடித்தால் செங்கல் நிறம் வரும். வெள்ளை பிரைமர் போட்டு, சிவப்பை மூன்று நான்கு மெல்லிய பூச்சாக ஏற்றுங்கள். அப்புறம் மூக்கில் எடை. மூன்று சக்கரத்தில் நிற்கும் சின்ன ஜெட் வாலில் உட்கார்ந்துவிடும் சாத்தியம் அதிகம். தூண்டில் விற்கும் கடையில் கிடைக்கும் ஈயக் குண்டுகளைச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கி, உடம்பின் இரு பாதிகளை மூடும் முன் காக்பிட்டுக்கு முன்னால் கிடைக்கும் இடத்திலெல்லாம் திணித்துவிடுங்கள்.

இந்திய வாசகர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்றும் நாட் விமானத்தில் இருக்கிறது. பெங்களூரில் ஹெச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) உரிமம் பெற்றுத் தயாரித்ததும், 1971 டிசம்பர் 14 அன்று பாகிஸ்தானுடனான போரில் ஸ்ரீநகருக்கு மேல் இந்திய விமானப்படை வீரர் நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டியதும் ஒற்றை இருக்கைப் போர் விமானம். கடையில் எளிதில் கிடைக்கும் ஏர்ஃபிக்ஸ் பெட்டிக்குள் இருப்பது இரண்டு இருக்கை டி.1. உடம்பின் நீளம், இறக்கை, காக்பிட்டின் கண்ணாடி மூடி எல்லாமே வேறு. டெக்காலை (சின்னங்கள், எண்கள் அச்சிட்ட ஒட்டுப்படம்) மாற்றி ஒட்டினால் அது செகோனின் நாட் ஆகாது. அதற்கு ஸ்பெஷல் ஹாபியின் எஃப்.1 பெட்டியைத் தேடுங்கள். ஹன்டரிலும் இதே கவனம் வேண்டும். இந்திய விமானப்படையின் எஃப்.56, எஃப்.6-இலிருந்து வந்ததுதான், ஆனால் வால் முனையில் பிரேக் பாராசூட்டுக்கான புடைப்பு உண்டு. அதே புடைப்பு உள்ள எஃப்ஜிஏ.9 ரகப் பெட்டியை வாங்கித் தொடங்குவதே லாபம்.

வல்கன் குண்டுவீச்சு விமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 2021-ல் வந்த ஏர்ஃபிக்ஸ் 1/72 வல்கன் நல்ல பெட்டி. ஆனால் இறக்கை அகலம் 47 சென்டிமீட்டர். வாங்கும் முன் அளவுநாடாவை எடுத்து அலமாரியை அளந்து பாருங்கள், அவ்வளவுதான். முதல் மாடலாக வேண்டாம். பரப்பு பெரிதாக இருப்பதால் ஏர்பிரஷ் கோளாறுகளும் அதே அளவுக்குப் பெரிதாகத் தெரியும்.

போட்டியில் இல்லாத ஒன்றுக்கும் பரிந்துரை செய்கிறேன்: பிளாக்பர்ன் புக்கனீர். இடுப்பு சிறுத்து பின்னால் புடைத்த உடம்பு, மடியும் இறக்கை, கடற்படை வண்ணத்தில் கட்டினால் மேலிருந்து கீழ்வரை ஒரே அடர்சாம்பல். மாஸ்கிங் பிடிக்காதவர்களுக்கு இது வரம். அதே குணம் ஹாக்கர் ஸீ ஹாக்குக்கும் பாதி உண்டு, அதன் மேல்பக்கம் ஒரே நிறம். நம் கடற்படையின் பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் பறந்தது அது. கடற்படையின் ஹன்சா விமானத்தளம் 1961-ல் தொடங்கியது கோவை அருகே சூலூரில்தான், கோவாவுக்குப் போனது அதன் பிறகு.

பெட்டி வாங்கும்போது கடைசியாக ஒன்று பாருங்கள். ஒரே விமானத்துக்கு ஏர்ஃபிக்ஸில் பழைய அச்சும் புதிய அச்சும் இருக்கும். 'வின்டேஜ் கிளாசிக்ஸ்' என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது பல பத்தாண்டுகளுக்கு முந்தைய அச்சு. பேனல் கோடுகள் பெரும்பாலும் புடைத்து நிற்கும், தேய்க்கும்போது அழிந்துபோகும். பழசின் மேல் பாசம் உள்ளவர்கள் வாங்கட்டும், முதல்முறை கட்டுபவர்கள் புது அச்சையே எடுக்கட்டும்.

என் வரிசை இது: இதுவரை பசையே தொட்டதில்லை என்றால் 1/72 நாட். இரண்டு மூன்று மாடல் கட்டியிருந்தால் ஹன்டர், யோசிக்கவே வேண்டாம். ஏர்பிரஷ் கைக்குப் பழகியிருந்தால் லைட்னிங். என் மேசையில் இப்போது இரண்டாவது லைட்னிங் நிற்கிறது. முதுகில் 2000 எண் தேய்ப்பு முடிந்துவிட்டது, அடிப்பக்கம் கறுப்பு காய்ந்துகொண்டிருக்கிறது, குட்டர்ஸ்லோ பச்சை அடுத்த ஞாயிற்றுக்கிழமை.