தூண் கள்ளியும் தப்பான யோசனையும்

அழகர்கோவில் சாலைப் பக்கம் ஒரு நர்சரியில் இரண்டடி உயரச் செரியஸ் என்ற தூண் கள்ளியை 350 ரூபாய்க்கு வாங்கினேன். செடி அருமை. தொட்டி மண்தான் மோசம்; வெறும் களிமண், தண்ணீர் வடியவே இல்லை. “தினமும் தண்ணி ஊத்துங்கண்ணே” என்று நர்சரிக்காரரின் யோசனை வேறு. மூன்றே வாரத்தில் அடித்தண்டு அழுகிவிட்டது.

சரி என்று, உள்ளே பழுப்பு துளியும் தெரியாத இடம்வரை வெட்டி, மேல்துண்டை நிழலில் இரண்டு வாரம் காயவைத்தேன். “முருங்கைப் போத்துக்கே இவ்வளவு சீராட்டு கிடையாதேடா!” என்றார் அம்மா. அப்புறம் ஆற்று மணலும் செங்கல் தூளும் கலந்து நட்டேன். வேர் பிடிக்கும்வரை தண்ணீரைக் கண்ணில் காட்டவில்லை. ஆறாவது வாரம் லேசாக அசைத்தேன், அசையவில்லை.

செடிக்கு நான்கு நட்சத்திரம், யோசனைக்கு ஒன்றுகூடக் கிடையாது. வாங்கினால் அன்றைக்கே மண்ணை மாற்றிவிடுங்கள்.