சிறிய சேமிப்பகத்துக்குள் பெரிய இடம்: பி.டி.ஆர்.எப்.எஸ். சுருக்க வசதி பற்றிய மதிப்பீடு

தலவாக்கலைக்கு அருகில் உள்ள எமது தோட்டத்து வாசகசாலையில், மாணவர்களுக்கென நான்கு பழைய மடிக்கணினிகள் இருக்கின்றன. நான்கிலும் 32 கிகாபைட் சேமிப்பகமே உண்டு. அது தாய்ப்பலகையோடு சேர்த்தே பொருத்தப்பட்டிருப்பதால் கழற்றிவிட்டுப் பெரியதொன்றை மாட்ட வழியில்லை. இயங்குதளத்தை இற்றைப்படுத்த இடம் போதாமல், பிள்ளைகள் சேர்த்து வைத்திருந்த சாதாரண தர வினாத்தாள்களை நானே அழிக்க நேர்ந்த நாட்கள் எனக்கு இன்னும் மன வருத்தம் தருகின்றன. பெடோரா லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்துக்கு மாறியபின் அந்த நிலை வரவில்லை. அதற்குக் காரணம் பி.டி.ஆர்.எப்.எஸ். என்னும் கோப்பு முறைமையில் (சேமிப்பகத்தில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பில்) உள்ள சுருக்க வசதி.

பெடோரா 2020இல் வெளியான தனது 33ஆம் பதிப்பில் இம்முறைமையை மடிக்கணினி, மேசைக்கணினிகளுக்கான பதிப்புகளில் இயல்பானதாக ஆக்கியது. 2021இல் வந்த 34ஆம் பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போதே இசட்-ஸ்டாண்டர்ட் என்னும் சுருக்கும் முறை முதலாம் மட்டத்தில் (மட்டம் கூடினால் இறுக்கமும் கூடும்) இயங்கத் தொடங்கிவிடுகிறது. சிப் கோப்பைப் போல நாம் எதையும் விரித்துத் திறக்க வேண்டியதில்லை. எழுதும்போது கோப்பு முறைமையே தரவை 128 கிலோபைட் வரையான துண்டுகளாகச் சுருக்கி வைக்கிறது, படிக்கும்போது விரித்துக் கொடுக்கிறது. லிபர் ஒபிஸ் என்னும் அலுவலக நிரலைத் திறக்கும் பிள்ளைக்கும், ஏன், லிபர் ஒபிஸுக்குமே, அந்த நிரல் சுருங்கிய நிலையில் வைக்கப்பட்டிருப்பது தெரியாது.

நிரல்களை மட்டும் சுருக்குவதற்கு யு.பி.எக்ஸ். போன்ற கருவிகள் நெடுங்காலமாக உள்ளன. ஆனால் அவற்றால் சுருக்கப்பட்ட நிரல் தொடங்கும்போதே முழுவதுமாக நினைவகத்தில் விரிகிறது. அதே நிரலை இருமுறை திறந்தால் இரண்டுக்கும் தனித்தனி இடம் செலவாகிறது. கோப்பு முறைமை சுருக்கத்திலோ, தேவையான பகுதிகள் மட்டும் விரிக்கப்பட்டு, வழக்கம்போலப் பகிரப்படுகின்றன. நினைவகமும் குறைந்த எமது கணினிகளுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. வேகம் குறையும் என்று நான் அஞ்சியதும் நடக்கவில்லை. மெதுவான சேமிப்பகத்திலிருந்து குறைவான தரவைப் படித்தால் போதும் என்பதாலும், இசட்-ஸ்டாண்டர்ட் மிக விரைவாக விரிவதாலும், நிரல்கள் முன்னைப் போலவே திறக்கின்றன. ஒன்பதாம் மட்டத்தை ஒருமுறை முயன்றுபார்த்தேன். எழுதும் நேரம் கூடியதே தவிர, கிடைத்த இடம் சொற்பம். முதலாம் மட்டமே போதும் என்பது என் முடிவு.

எது சுருங்குகிறது என்பதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். கம்ப்சைஸ் என்னும் கருவியால் அளந்தபோது, இயங்குதளமும் நிரல்களும் இருக்கும் பகுதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. வினாத்தாள்களோ பி.டி.எப். கோப்புகள், அவை உள்ளுக்குள்ளேயே சுருக்கப்பட்டவை என்பதால் அவற்றில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. பாட ஒளிப்படங்களும் காணொளிகளும் அப்படியே. இத்தகைய கோப்புகளின் தொடக்கத்தைச் சோதித்துப் பார்த்து, பயனில்லையெனில் முறைமை அவற்றைச் சுருக்காமல் விட்டுவிடுகிறது. ஆகவே வினாத்தாள்களுக்கு இடம் கிடைத்தது, நிரல்கள் ஒதுங்கிக் கொடுத்ததால்தான். கோப்பு மேலாளர் காட்டும் அளவு சுருக்கத்துக்கு முந்தையது என்பதையும் மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

விண்டோஸ் பயன்படுத்துவோருக்கும் வழி உண்டு. விண்டோஸின் கோப்பு முறைமையான என்.டி.எப்.எஸ். தரும் சுருக்கம் பழையது, விண்டோஸ் 10இல் வந்த கொம்பெக்ட் கட்டளையின் புதிய முறைகள் நிரல் கோப்புகளை அதைவிட நன்றாகச் சுருக்குகின்றன. ஆனால் அவ்வாறு சுருக்கிய கோப்பில் மாற்றம் எழுதப்பட்டால் அது மீண்டும் விரிந்த நிலைக்கே போய்விடுகிறது, ஒவ்வொரு இற்றைப்படுத்தலுக்குப் பின்னும் கட்டளையை நினைவாக இயக்க வேண்டும். பொதுக் கணினிகளுக்கு அது பொருந்தாது என்றே கருதுகிறேன்.

எங்கள் நான்காவது கணினி 33ஆம் பதிப்பிலிருந்து மேம்படுத்திக்கொண்டே வந்தது என்பதால், அதில் சுருக்கத்தை நானே இயக்க வேண்டியிருந்தது. இயக்கியபின் எழுதப்படும் கோப்புகளே சுருங்கும். பழையவற்றைச் சுருக்க, கோப்புகளை மீண்டும் ஒழுங்காக எழுதிவைக்கும் டிபிராக்மென்ட் கட்டளையைச் சுருக்கத் தெரிவோடு இயக்க வேண்டும். ஸ்னாப்ஷொட் (ஒரு நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவு) வைத்திருப்போர் இதில் எச்சரிக்கையாக இருக்கவும்: அக்கட்டளை, ஸ்னாப்ஷொட்டும் கோப்பும் பகிர்ந்திருக்கும் தரவைப் பிரித்துவிடுவதால் இடம் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடலாம். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் என்பதால், மின்கலம் நிறைந்திருந்த ஒரு ஞாயிறு காலையில்தான் அந்த வேலையைத் தொடங்கினேன்.