மாஸ்க்டு ஆதார்: லாட்ஜுக்குக் கொள்ளாம், ஜெராக்ஸ் கடையில் கவனம்

கன்னியாகுமரியில் அறை கேட்டால் லாட்ஜ் வரவேற்பில் முதலில் கேட்பது ஆதார். சில இடங்களில் முன்பதிவின்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். அந்தப் படம் யார் போனில் எத்தனை வருஷம் கிடக்கும் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. இதற்காக ஆதார் ஆணையமே இலவசமாகத் தருவதுதான் மாஸ்க்டு ஆதார். 12 இலக்கத்தில் முதல் 8 மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும். 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலுக்குப் பதில் இதைக் கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில் மத்திய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. வசதி மட்டும் அப்படியே இருக்கிறது.

எடுப்பது எளிது. ஆணையத்தின் மைஆதார் தளத்தில் ஆதார் எண், கேப்சா, போனுக்கு வரும் ஓடிபி; பிறகு டவுன்லோட் பக்கம். அங்கே 'மாஸ்க்டு ஆதார் வேண்டுமா' என்ற சின்னக் கட்டத்தை டிக் செய்யாவிட்டால் முழு எண்ணோடுதான் இறங்கும். பலர் தவறவிடுவது இங்கேதான். பிடிஎஃப் திறக்கக் கடவுச்சொல், பெயரின் முதல் 4 எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், கூடவே பிறந்த ஆண்டு. நம் ஊர் இனிஷியல் இங்கே படுத்தும். கார்டில் 'பி. குமார்', ஆண்டு 1990 என்றால் பி, புள்ளி, கே, யு, 1990. புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கு; இடைவெளி கணக்கில்லை. 'கடவுச்சொல் தப்பு' என்று வந்தால் முதலில் புள்ளியைப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. மறைவது எண் மட்டும்தான். படம், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் அப்படியே தெரியும். இறங்கும் ஆதார் கடிதத்தில் விஐடி என்ற 16 இலக்க மாற்று எண்ணும் அச்சாகும். கொடுத்து முடித்த பிறகு புதிய விஐடி எடுத்தால் பழையது செத்துவிடும். பதிவான போனிலிருந்து 1947க்கு ஆங்கிலத்தில் ஜிவிஐடி, ஓர் இடைவெளி, ஆதாரின் கடைசி 4 இலக்கம் என்று எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும்.

கல்ஃபுக்குப் போனவரின் பழைய சிம்மில் ஆதார் பதிவாகியிருந்தால் இதில் எதுவும் நடக்காது. ஓடிபி வராது. முதலில் போன் எண்ணை மாற்ற வேண்டும்; அதற்கு ஆதார் மையத்துக்குப் போகலாம்.

உண்மையான ஓட்டை ஜெராக்ஸ் கடையில். வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு பிடிஎஃப்பையும் கடவுச்சொல்லையும் சேர்த்து அனுப்பினால், பூட்டையும் சாவியையும் ஒரே பையில் கொடுத்த கணக்குதான். கடைக் கணினியில் டவுன்லோட் செய்ய நேர்ந்தால், பிரிண்ட் ஆனதும் ஃபைலை ஷிஃப்ட், டிலீட் சேர்த்து அழுத்தி அழியுங்கள். மைஆதாரிலிருந்து லாகவுட் செய்யுங்கள். இன்காக்னிட்டோவில் திறந்தால் போதும் என்பது தவறு. இறங்கிய ஃபைலை அது அழிக்காது.

மாஸ்க்டு ஆதாரைவிட எங்கள் ஓட்டு, கைரேகை போன்ற உடல் அடையாளங்களைப் பூட்டும் பயோமெட்ரிக் லாக்குக்குத்தான். ஆதார் வழிப் பணம் எடுக்கும் ஏஇபிஎஸ்ஸுக்கு ஆதார் எண், வங்கிப் பெயர், கைரேகை போதும், ஓடிபி கேட்காது. நிலப் பத்திர நகலிலிருந்து ரேகையைப் போலியாகச் செய்து பணம் எடுத்த வழக்குகள் வேறு மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. மைஆதாரிலோ ஆதார் செயலியிலோ பூட்டிவிட்டால் கைரேகை, கண், முகம் மூன்றும் நின்றுவிடும். கருவியில் 330 என்ற பிழை வரும்.

இதற்கு விலை ரேஷன் கடையில். பூட்டை மறந்து விரலை வைத்தால் அதே 330தான், விற்பனையாளரைத் திட்டிப் பயனில்லை. தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம்தான் கணக்கு. மாதத் தொடக்க வரிசையில் 10 நிமிடம் எதற்குக் காணும்? உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் நிற்கும்போது திறங்கள். குடும்பத்தில் ஒருவருக்குப் பூட்டாமல் வைத்து அவரை அனுப்புவதும் நடக்கும், ஆனால் அவர் வங்கிக் கணக்கில் பெரிய தொகை வேண்டாம்.

மைஆதார் தளத்தில் அங்கீகார வரலாறு என்ற பகுதியில் கடந்த 6 மாதப் பயன்பாட்டை, ஒரு தடவைக்கு 50 பதிவு வரை பார்க்கலாம். நீங்கள் விரல் வைக்காத நாளில் பயோமெட்ரிக் பதிவு இருந்தால் ஆதார் உதவி எண் 1947க்கு அழையுங்கள். பணமும் போயிருந்தால் அதற்கு முன்னால் சைபர் குற்ற உதவி எண் 1930.