இல்-ஓ-ஸெக்ரெத் நடையும் வாக்வா கூடைப் பட்டறையும்: போகிறவர்களுக்கு ஒரு மதிப்புரை

மொரீஷியஸின் தென்கிழக்குக் கரையில், மாயேபூருக்குத் தெற்கே புவாந்த் ஜெரோம் துறையில் படகேறினால் சில நிமிடங்களில் இல்-ஓ-ஸெக்ரெத் தீவு வந்துவிடும். மொரீஷியஸ் காட்டுயிர் அறக்கட்டளை வழிகாட்டியோடு அங்கே நடை அழைத்துப் போகிறது. படகுப் பயணம் உட்பட ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக இந்த நாட்டில் இதைவிடப் பயனுள்ள இயற்கை நடை இல்லை என்பது எங்கள் தீர்மானமான கருத்து. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் இளஞ்சிவப்புப் புறாவையும் பெரிய ஆமையையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கே நடந்திருக்கும் பெரிய வேலை மரங்களிலும் மண்ணிலும்தான் தெரியும். அதைப் பார்க்கத் தெரிந்துகொண்டு போனால் கொடுத்த பணத்துக்குப் பலமடங்கு கிடைக்கும்.

தீவு சுமார் 26 ஹெக்டேர். மொரீஷியஸ் எரிமலைப் பாறை நாடு. இந்தத் தீவோ பவளச் சுண்ணாம்புப் பாறை. கடலோர வறள்காடு பெரிய தீவில் ஏறத்தாழ முழுதும் அழிந்துபோக, இங்கே கொஞ்சம் மிஞ்சியது. அதுவும் நலமாக மிஞ்சவில்லை. விறகுக்காகக் கருங்காலி வெட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை பீரங்கி மேடை கட்ட இன்னும் கொஞ்சம் அழிந்தது. 1965இல் காப்பகமாக அறிவித்தபின்னும் எலியும் அயல்செடிகளும் தின்றுகொண்டும் படர்ந்துகொண்டும் இருந்தன. எலிகளை ஒழித்தது 1991இல். அதற்குப்பிறகு அயல்செடியைப் பகுதி பகுதியாகப் பிடுங்குவதும், தீவிலேயே இருக்கும் நாற்றங்காலில் நாட்டுச் செடிகளை வளர்த்து நடுவதுமாக வேலை ஓடுகிறது. நாற்றங்காலில் வழிகாட்டி நிற்கும்போது அவசரப்படுத்தாதீர்கள். இந்த நடையின் இதயம் அதுதான்.

இங்குள்ள கருங்காலி ஓங்கி வளரும் மரமல்ல, குள்ளமானது. உலகில் இந்த இனத்தின் பெருங்கூட்டம் இந்தத் தீவில்தான் உள்ளது. பழத்தை விழுங்கி விதையைத் தூரத்தில் போட்டுவந்த மொரீஷியஸ் ஆமைகள் அற்றுப்போனதால், பழம் தாய்மரத்தடியிலேயே விழுந்து கிடந்தது. அந்த வேலையைச் செய்யத்தான் 2000ஆம் ஆண்டில் சேஷல்ஸ் நாட்டு அல்தாப்ரா தீவின் ராட்சத ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆமையின் வயிற்றைக் கடந்துவந்த கருங்காலி விதை நன்றாக முளைப்பதை இதே தீவில் ஆய்ந்து காட்டியிருக்கிறார்கள். அதனால் பாதையோரம் நார்நாராகக் காய்ந்து கிடக்கும் ஆமை எச்சத்தைப் பார்த்தால் முகம் சுளிக்காமல் குனிந்து பாருங்கள். உள்ளே விதை இருக்கலாம். தாய்மரம் அருகில் இல்லாத இடத்தில் இரண்டிலைக் கருங்காலி நாற்றைக் கண்டால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆமையைத் தொடுவதைவிட அந்த நாற்று பெரிய பாடம்.

பறவைகளில் குழப்பம் வரும். இளஞ்சிவப்புப் புறாவின் தலையும் மார்பும் வெளிறிய ரோஜா நிறம், இறக்கை பழுப்பு, வால் துரு நிறம். சின்ன வரிப்புறாவை இதுவென்று நினைத்துவிட வேண்டாம். இது நல்ல பருமன். 1990களின் தொடக்கத்தில் காட்டில் பத்துப் பறவை அளவுக்குக் குறைந்துவிட்ட இனம் இது. உயிரினப் பாதுகாப்பு அறிஞர் கார்ல் ஜோன்ஸும் அவரோடு உழைத்தவர்களும் கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டு நூற்றுக்கணக்கில் பெருக்கினார்கள். காலில் தெரியும் வண்ண வளையங்கள் ஒவ்வொரு பறவைக்கும் அடையாளம். வளையத்தின் நிற வரிசையைச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள், அந்தப் பறவையைப் பற்றித் தெரிந்ததைச் சொல்வார்கள். புறாக்களுக்குத் தானியம் வைக்கும் பெட்டிகளும் உண்டு. பல பறவை ஓரிடத்தில் கூடித் தின்றால் தொண்டைப் புண் உண்டாக்கும் ஒட்டுண்ணி பரவிக் குஞ்சுகள் சாகும். அதனால் பெட்டிச் சுத்தம் இங்கே உயிர் காக்கும் வேலை.

மொரீஷியஸ் ஃபோடி என்கிற சிறு குருவியை வீட்டு வேலியில் வரும் மடகாஸ்கர் சிவப்புக் குருவியிலிருந்து பிரித்தறிவது எளிது. இனப்பெருக்கக் காலத்தில் மடகாஸ்கர் ஆண்குருவிக்கு உடம்பெல்லாம் சிவப்பு. மொரீஷியஸ் ஃபோடிக்குத் தலை, மார்பு, வால்மேற்புறம் மட்டும். இலைச் சருகில் சரசரப்புக் கேட்டால் நின்றுவிடுங்கள்: பெரிய தீவில் அற்றுப்போய் வடக்கே உள்ள சிறிய ரவுண்ட் தீவில் மட்டும் எஞ்சிய டெல்ஃபேர் அரணையை 2000களின் நடுவில் இங்கே கொண்டுவந்தார்கள். சாணுக்கு மேல் நீளம் இருக்கும்.

முதல் நடையைப் பிடிப்பது நல்லது. பத்துமணிக்குப் பிறகு வெயில் ஏறி, பறவை நிழலில் அடங்கிவிடும். செருப்பு வேண்டாம், சுண்ணாம்புப் பாறையின் முனைகள் மெல்லிய அடியைக் கிழித்துவிடும். கொசு மருந்து, தொப்பி, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் காலணி அடியையும் பையின் மூலையையும் தட்டிவிடுங்கள், அங்கே ஒட்டிய ஒரு களைவிதை பல மாத வேலையை வீணாக்கும். கூட்டமாகப் போனால் பின்வரிசைக்கு விளக்கம் கேட்காது, வழிகாட்டிக்கு அருகிலேயே நடங்கள். விளக்கம் ஆங்கிலம், பிரெஞ்சு, கிரியோலில் நடக்கும். கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசிரியர்கள் கருங்காலி, அரணை, நாற்றங்கால் என்ற சொற்களை முதல்நாளே சொல்லிவைத்தால் பிள்ளைகள் தமிழிலும் குறிப்பெழுதுவார்கள். தைப்பூசக் காவடி சமயத்தில் விடுமுறை கிடைக்கிறதே என்று திட்டமிடாதீர்கள். அது சூறாவளிப் பருவம், படகு நின்றுபோகலாம். மே முதல் செப்டம்பர் வரை இதமாக இருக்கும்.

2020 ஜூலை 25இல் வாகாஷியோ என்கிற சரக்குக் கப்பல் புவாந்த் தெஸ்னி அருகே தரைதட்டி, ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்தபோது, இந்தத் தீவின் நாற்றுகளையும் சில பறவைகளையும் வெளியேற்ற வேண்டியிருந்தது. ஊர் மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து மிதவைத் தடுப்புக் கட்டியது அப்போதுதான். கரையில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

நடையை திங்கட்கிழமை வைத்தால் மாயேபூர் சந்தையில் வாக்வா கூடைகளையும் பார்க்கலாம். நம் தாழையின் உறவான வாக்வா இலையில் பின்னுவது. சர்க்கரை மூட்டைக்கான பைகளே ஒருகாலத்தில் இதில்தான் வந்தன. அரைநாள் பயிற்சிப் பட்டறைகளை நாங்கள் பரிந்துரைப்போம், ஒரு நிபந்தனையோடு: முழுப் பை முடிக்க ஆசைப்படாதீர்கள். விசிறியோ சிறு பாயோ போதும். இலையின் இரு விளிம்பிலும் அடிநரம்பிலும் முள் இருக்கும். முதலில் அந்த மூன்றையும் நீக்கி, ஒரே அகலத்தில் கீற்றாகக் கிழித்து, கத்தியின் மழுங்கிய முதுகால் இழுத்துச் சமனாக்கி, காயவைக்க வேண்டும். அகலம் மாறினால் பின்னலில் இடைவெளி விழும். பின்னும்போது ஈரத்துணியால் தடவினாலே போதும். ஊறவைத்துப் பின்னினால் உலர்ந்தபின் சுருங்கி ஓட்டை விடும், காய்ந்துவிட்டால் மூலை மடிப்பில் வெடிக்கும். மூலையைத் திருப்பும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குத்தான் ஆசான் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். பதிவு செய்யுமுன் ஓர் ஆசானுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆறுக்கு மேல் என்றால் வேறிடம் பாருங்கள்.

வாங்குகிறவர்கள் கூடையைக் கவிழ்த்து அடியின் நான்கு மூலையையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கைப்பிடி விளிம்பில் மட்டும் செருகியிருந்தால் காய்கறிக் கனத்துக்குச் சீக்கிரம் பிடுங்கிக்கொள்ளும். பின்னலுக்குள் நான்கைந்து வரிசை இறங்கியிருப்பதையே எடுங்கள்.